கந்தையும் கைத்தொழிலும்

(குமாரலிங்கபுரத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினரிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் கைத்தொழிலைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொருள் சிறியதுதான். ஆயினும், இந்த வானம் பார்த்த சீமையில் வாழும் பெண்மக்களின் உழைப்புக்கு என்ன விலை என்ற கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு தயக்கத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். 'ஒட்டுப் போட்ட துணி' என்றால் நம் ஊர்களில் அது ஏழ்மையின் அடையாளம். விருந்தினர் வரும் ஓசை கேட்டால் கொடியில் கிடக்கும் அத்துணியை எடுத்து உள்ளே ஒளித்துவிடுவோம். 'கந்தை' என்ற சொல்லையே ஏச்சாக வழங்குகிறோம். ஆனால் கிழிந்த இடத்தை மறைப்பதற்காக ஒட்டுப் போடுவது வேறு. அளந்து வெட்டிய துண்டுகளை ஒரு திட்டத்தோடு இணைத்துப் புதியதொரு துணியை உண்டாக்குவது வேறு. முன்னது பழுது பார்த்தல், பின்னது படைத்தல். நெசவாளர் இழையோடு இழை சேர்த்துத் துணி ஆக்குவதைப் போன்றே, இவ்வேலையைச் செய்கிறவர் துண்டோடு துண்டு சேர்த்துத் துணி ஆக்குகிறார்.

இவ்வேலைக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. புத்தர் பெருமான் ஒருமுறை மகத நாட்டு வயல்களைத் தம் மாணவர் ஆனந்தருக்குச் சுட்டிக் காட்டினாராம். பாத்தி பாத்தியாகவும், வரப்பு வரப்பாகவும், குறுக்கும் நெடுக்குமாக அவை அமைந்திருந்த அழகைக் காட்டி, 'துறவிகளின் ஆடையை இவ்வாறு அமைக்க இயலுமா?' என்று கேட்டார். ஆனந்தர் அவ்வாறே துண்டுகளை வெட்டி இணைத்து ஆடை அமைத்துக் கொடுத்தார் என்று பௌத்தர்களின் விநய நூல் கூறுகிறது. வெட்டித் தைத்த ஆடையைக் கள்வரும் விரும்பார் என்பது அதற்கு ஒரு காரணம். இன்றளவும் பிக்குகள் அணியும் சீவர ஆடையில் அந்த வயலும் வரப்பும் இருக்கின்றன. உலகம் போற்றும் ஒரு பெரிய சங்கத்தின் சீருடையே ஒட்டுத் துணியாக இருக்கும்போது, அதைத் தைக்க நாம் நாணுவதற்கு நியாயம் இல்லை.

நம் வீடுகளிலும் இக்கலை இல்லாமல் இல்லை. தாய்மை அடைந்த பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கும்போது, வீட்டிலுள்ள மூதாட்டி நன்கு நைந்து மென்மையாகிப்போன பழஞ்சேலைகளை மடித்து, இரண்டு மூன்று அடுக்காக வைத்து, நூலோட்டிப் பிள்ளைக்கு விரிப்புத் தைத்து வைப்பாள். வங்காளத்தில் இதே வேலையைக் 'காந்தா' என்று அழைக்கிறார்கள். நம்முடைய 'கந்தை' என்ற சொல்லுக்கு அது உறவுச் சொல். பீகாரில் 'சுஜனி' என்று பெயர். முசாபர்பூர் மாவட்டத்துப் பெண்கள் செய்யும் சுஜனி வேலைக்கு 2006ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கன்னடநாட்டில் இதனைக் 'கௌதி' என்பர். அந்நாட்டின் வடகன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் காட்டூர்களில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்தம் பெண்கள் பழந்துணிகளை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே செல்வார்கள். நான்கு மூலைகளிலும் துணியை மடித்து முக்கோணமாக ஒரு பூவை வைத்துத் தைப்பார்கள். அப்பூ இல்லாத போர்வையை நிருவாணமான போர்வை என்பது அவர்கள் வழக்கு. வறியவர்களின் கந்தைக்குள்ளும் அழகைப் பற்றிய கண்டிப்பு இருந்திருக்கிறது என்பதை இதனால் அறிகிறோம்.

இனி, நம் வட்டாரத்திற்கு வருவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வேளாண்மையின் இயல்பு உங்களுக்குத் தெரியாதது அன்று. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைக்கிறோம். பருத்தியும், மல்லியும், சோளமும், கம்பும், குதிரைவாலியும் அந்த ஈரத்திலேயே விளைந்தாக வேண்டும். பங்குனி முடிவதற்குள் காட்டுவேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதன் பின்னர் அடுத்த மழைவரை, சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவது, தீப்பெட்டி வேலைக்குச் செல்வது, நூற்பாலைகளுக்கு வண்டியேறுவது என்று பலரும் பல வழியில் பிழைப்புத் தேடுகிறார்கள். கைக்குழந்தை உடையவர்களும், வீட்டில் முதியோரைப் பேணுகிறவர்களும் வெளியே செல்ல இயலாமல் இருந்துவிடுகிறார்கள். வெயில் காலத்து நெடும் பகல்கள் அவர்களுக்கு வருவாயின்றியே கழிகின்றன. அத்தகையோர் வீட்டு நிழலில் அமர்ந்து செய்யத்தக்க வேலைகளில் ஒன்றாகவே இதனை உங்கள் முன் வைக்கிறேன்.

வேலைக்கு வேண்டிய மூலப்பொருள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஆடை தைக்கும் தொழிற்கூடங்களில் துணியை வெட்டும்போது ஏறத்தாழ நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்குவரை துண்டாகிக் கழிந்துபோகிறது என்பது அத்தொழிலில் உள்ளவர்களின் பொதுவான கணிப்பு. நம் மாவட்டத்திலேயே இராசபாளையத்தை அடுத்த தளவாய்புரத்தில் நைட்டி முதலிய பெண்கள் ஆடைகள் ஏராளமாகத் தைக்கப்படுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்துப் புதியம்புத்தூர் ஆயத்த ஆடைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். கரூரில் படுக்கை விரிப்புகளும் சமையலறைத் துணிகளும் நெய்து தைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். இவ்விடங்களிற் கழியும் துணி, எந்திரம் துடைக்கும் துணியாகவோ, மீண்டும் பஞ்சாக்கி மட்டமான நூல் நூற்பதற்காகவோ எடைக்கு விற்கப்படுகிறது.

இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. மத்திய அரசு 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஏழு மாநிலங்களில் பெரிய ஜவுளிப் பூங்காக்களை அறிவித்தபோது, தமிழ்நாட்டுக்குரியதாக இம்மாவட்டத்தின் குமாரலிங்கபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பரப்பு 1,052 ஏக்கர். நூற்பு முதல் ஆடை தைப்பது வரை எல்லா வேலைகளும் ஓரிடத்தில் நடைபெற வேண்டும் என்பது அதன் நோக்கம். அத்தகைய இடத்தில் ஆடை வெட்டத் தொடங்கிவிட்டால், துண்டுத் துணி மூட்டை மூட்டையாக வெளியேறும். அம்மூட்டைகள் நம் கண்முன்னே லாரியேறி எங்கோ செல்வதா, அன்றி ஒரு பகுதியாவது நம் கைக்கு வருவதா? துணி வரும் நாளில் கைப்பழக்கத்தைத் தேடிப் பயனில்லை. கைப்பழக்கம் முன்னதாகவே இருக்க வேண்டும். இன்று நான் இதைப்பற்றிப் பேசுவதற்கு அதுவே காரணம்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் வேலை தரம் பிரித்தல். நெய்த துணியும், பனியன் போன்ற பின்னல் துணியும் ஒன்றோடொன்று சேரா. பின்னல் துணி இழுத்தால் நீளும். அதனை நெய்த துணியோடு தைத்தால் போர்வை அலையலையாய் நெளியும். எனவே திருப்பூர்த் துண்டுகளைக் காட்டிலும் தளவாய்புரத்துத் துண்டுகளே தொடக்கத்தில் நமக்கு ஏற்றவை. அடுத்து, பருத்தியையும் பாலியெஸ்டரையும் பிரிக்க வேண்டும். ஐயமிருந்தால் ஓர் இழையை உருவித் தீயிற் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கடுகுபோல் உருண்டு கெட்டியாகும். பருத்தியை மட்டும் போர்வைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு வெப்பத்துக்கு அதுவே உகந்தது.

பின்னர், துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து அலசி உலர்த்த வேண்டும். சுருங்க வேண்டியது தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடட்டும். சிவப்பு, கருநீலம், கரும்பச்சைத் துண்டுகளை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அத்துண்டை விலக்கிவிடுங்கள். ஒரு துண்டின் சாயம் நூற்றெழுபது துண்டுகளைக் கெடுத்துவிடும்.

அடுத்தது வெட்டுதல். ஆறங்குலச் சதுரமாக ஒரு தகரத்தையோ தடித்த அட்டையையோ வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். துணியின் பாவும் ஊடையும் தகரத்தின் விளிம்புகளுக்கு இணையாக ஓடுமாறு வைத்து, கோடிட்டு வெட்ட வேண்டும். மூலைவாட்டில் வெட்டிய துண்டு தைக்கும்போது இழுபட்டுக் கோணிவிடும். ஆறங்குலம் கிடைக்காத துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். அவற்றை மூன்றங்குலச் சதுரமாக வெட்டித் தனியே சேர்த்து வைத்தால் தலையணை உறைக்கும் பைக்கும் ஆகும். மேனாடுகளில் இவ்வாறு 5 அங்குலம், 10 அங்குலம் என அளவாக வெட்டிய சதுரங்களையே கட்டுக்கட்டாகக் கடைகளில் விற்கிறார்கள். பிழையின்றி வெட்டிய சதுரமே ஒரு சரக்காக மதிக்கப்படுகிறது என்பதை இதனால் உணரலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒருவர் போர்த்துக்கொள்ளும் போர்வைக்கு அகலத்தில் 11 சதுரம், நீளத்தில் 16 சதுரம், ஆக 176 சதுரங்கள் வேண்டும். ஒவ்வொரு சதுரத்திலும் நான்கு புறமும் கால் அங்குலம் தையலுக்குள் போனால் ஐந்தரை அங்குலம் எஞ்சும். போர்வை அறுபதரை அங்குல அகலமும் 88 அங்குல நீளமும் உடையதாகும். இதற்குச் செல்லும் துணி ஏறத்தாழ 4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள துணி என்று கொண்டால், மொத்தம் அரைக் கிலோவுக்குச் சற்றே குறைவு. அரைக் கிலோத் துண்டுத் துணி ஒரு போர்வையின் முகமாகிறது! தொட்டிற்பிள்ளைக்கு வேண்டிய சிறிய விரிப்புக்கு 48 சதுரங்களே போதும். அதற்கு ஆகும் துணி 135 கிராம் அளவே.

சதுரங்களைத் தரையில் பரப்பி, வெளிர் நிறமும் அடர் நிறமும் மாறிமாறி வருமாறு அடுக்குங்கள். தாயக்கட்டம் வரையத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை. நேர்ப்புள்ளியும் ஊடுபுள்ளியும் எண்ணி வைத்துக் கோலமிடும் கை, கணக்கறிந்த கை. அந்தக் கணக்கையே துணியிற் காட்டப் போகிறீர்கள். அடுக்கியபின் வரிசை வரிசையாகத் தைத்து, ஒரு வரிசையின் தையல் மடிப்பை வலப்புறமும் அடுத்த வரிசையின் மடிப்பை இடப்புறமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். அப்போது இரு வரிசைகளை இணைக்கும் இடத்தில் மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். மூலைகள் நேராக வந்து பொருந்தும்.

போர்வைக்கு மூன்று அடுக்கு உண்டு. மேலே சதுரங்களாலான முகம், கீழே ஒரே துணியாலான முதுகு, இடையில் உள்ளடுக்கு. குளிர்நாட்டவர் இடையிற் பஞ்சு வைப்பார்கள். நமக்கு அவ்வளவு கனம் தேவையில்லை. சலவை செய்த பழைய பருத்திச் சேலை ஒன்றை வைத்தாலே போதும். மூன்றையும் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓட்டுத் தையல் போட வேண்டும். தையல் வரிகளுக்கு இடையே நான்கு விரற்கடைக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது. இடைவெளி மிகுந்தால் சலவையின்போது உள்ளடுக்கு திரண்டு மூட்டைபோல் ஓரிடத்திற் சேர்ந்துவிடும். இறுதியாகச் சுற்றிலும் பட்டி வைத்து ஓரத்தை மூடினால் போர்வை முடிந்தது.

இவ்வேலையை ஒருவரே செய்யலாம். ஆயினும் குழுவாகச் செய்வதில் தனி நன்மை உண்டு. எட்டுப் பேர் கூடினால், ஆளுக்கு 22 சதுரங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஆளுக்கு இரண்டு வரிசை தைத்துக் கொண்டுவரலாம். பதினாறு வரிசை சேர்ந்துவிடும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. எல்லாரும் கால் அங்குலம் விட்டுத் தைக்க, ஒருவர் மட்டும் கால் அங்குலத்தோடு அரைக்கால் அங்குலம் கூட்டி விட்டுத் தைத்தால் என்ன ஆகும்? மற்றவர்களின் வரிசை 61 அங்குலம் இருக்க, அவருடையது ஐம்பத்தெட்டரை அங்குலமே இருக்கும். இரண்டரை அங்குலம் குட்டையான வரிசையை எவ்வளவு இழுத்தாலும் பக்கத்து வரிசையோடு சேர்க்க முடியாது. அதைப் பிரிப்பதற்கு, தைத்ததைக் காட்டிலும் மிகுதியான நேரம் செல்லும். ஆதலால் குழு முழுவதற்கும் ஒரே தகரம், ஒரே அளவுகோல், ஒரே தையல் அளவு என்று முதலிலேயே வரையறுத்துக்கொள்ளுங்கள். ஒற்றுமை என்று மேடைகளில் பேசுகிறோம். இத்தொழிலில் ஒற்றுமை என்பது கால் அங்குலம்.

இனி, பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். கைத்தொழிலைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் பலர் இந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். எனக்கோ இதுவே முதன்மையான பகுதியாகத் தோன்றுகிறது.

துண்டுத் துணி மலிவு என்பதால் போர்வையும் மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர் எண்ணுவார். நாமும் அப்படியே எண்ணிவிடுகிறோம். உண்மை என்னவெனில், இத்தொழிலில் துணியின் விலை மிகச் சிறிய பங்கு. உழைப்பின் விலையே பெரும் பங்கு. ஓர் எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு போர்வைக்கு எல்லார் உழைப்பும் சேர்ந்து 20 மணி நேரம் ஆகிறது. முதுகுத் துணி, நூல், பட்டி, துண்டுத் துணி எல்லாம் 350 ரூபாய். மின்சாரம், எந்திரத் தேய்மானம் 50 ரூபாய். மணிக்கு 50 ரூபாய் கூலி என்றால் உழைப்புக்கு 1,000 ரூபாய். ஆக அடக்க விலை 1,400 ரூபாய். வியாபாரி ஒருவர் வந்து, 'கந்தைத் துணிதானே, 800 ரூபாய் தருகிறேன்' என்கிறார். செலவுபோக 400 ரூபாய் மிஞ்சுகிறதே என்று மகிழ்ந்து கொடுத்துவிடுகிறோம். அந்த 400 ரூபாயை 20 மணியால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 20 ரூபாய். எட்டு மணி நேர வேலைக்கு 160 ரூபாய். அந்தக் கூலிக்குக் களை எடுக்க உங்களில் யார் காட்டுக்குப் போவீர்கள்? நிழலில் உட்கார்ந்து செய்கிறோம் என்பதனாலேயே உழைப்பு இலவசம் ஆகிவிடாது.

எனவே, ஊசியும் நூலும் வாங்கும் நாளிலேயே ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள். யார் எத்தனை சதுரம் வெட்டினார், எத்தனை வரிசை தைத்தார், எவ்வளவு நேரம் ஆயிற்று, எவ்வளவு பணம் செலவாயிற்று என்று அன்றன்றே எழுதி வையுங்கள். பத்துப் போர்வைகளின் கணக்கு அதிற் சேர்ந்துவிட்டால், எவ்விலைக்கு விற்கலாம், எவ்விலைக்கு மறுக்க வேண்டும் என்பதை அப்புத்தகமே சொல்லும். எவ்வளவு கணக்கிட்டும் நியாயமான கூலி தேறவில்லை என்று அது சொல்லுமானால், அதையும் ஏற்றுக்கொண்டு, இத்தொழிலை வீட்டுத் தேவையோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. நட்டத்தில் நடக்கும் கைத்தொழிலைப் பெருமைக்காகச் சுமக்க வேண்டுவதில்லை.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் அலபாமா ஆறு வளைந்து செல்லும் ஓரிடத்தில் 'ஜீஸ் பெண்டு' என்னும் சிற்றூர் இருக்கிறது. ஒருகாலத்தில் அதுவும் நம் கரிசற்காட்டைப் போன்று பருத்தி விளைந்த பூமி. அங்கு வாழ்கிறவர்கள் அப்பருத்திக் காட்டில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள். 1932ஆம் ஆண்டு, கடன் கொடுத்த வணிகர் இறந்ததும், கடனுக்கு ஈடாக அவ்வூர்க் குடும்பங்களின் ஏர், மாடு, கோழி, தானியம் அனைத்தையும் அள்ளிச் சென்றுவிட்டார்கள். அத்தகைய வறுமையில், குளிரைத் தாங்குவதற்காக அவ்வூர்ப் பெண்கள் கிழிந்த உழைப்பாடைகளை வெட்டி இணைத்துப் போர்வை தைத்தார்கள். 1966ஆம் ஆண்டு, வாக்குரிமைக்காக அவ்வட்டாரக் கறுப்பின மக்கள் போராடிவந்த காலத்தில், அவ்வூரும் அண்டை ஊர்களும் சேர்ந்த பெண்கள் போர்வை தைக்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். நியூயார்க்குக் கடைகளுக்கு அவர்கள் சரக்கு சென்றது. 2002ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரத்திலும் நியூயார்க்கிலும் பெரிய கலைக்கூடங்களில் அப்போர்வைகளை ஓவியங்களைப்போல் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். 2006ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சல் துறை அவற்றின் படங்களோடு பத்து அஞ்சல்தலைகள் வெளியிட்டது.

கேட்பதற்கு இனிமையான வரலாறுதான். ஆனால் அது அத்துடன் முடியவில்லை. புகழ் வந்தபின், அப்போர்வைகளாலும் அவற்றின் வடிவங்களாலும் ஈட்டிய பணத்தில் தங்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று அவ்வூர்ப் பெண்கள் சிலர் 2007ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டு அவ்வழக்கு முடிவுக்கு வந்தது. யார் பக்கம் நியாயம் என்று ஆராய்வது இங்கு நம் வேலை அன்று. புகழ் பெற்ற பொருளைச் செய்தவர்களும் தம் பங்கு என்ன என்பதற்காக நீதிமன்றம் செல்ல நேர்ந்தது என்பதே நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. பங்கு என்ன என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பொருளுக்குப் பெயர் வந்தபின் எழுதுவது கடினம்.

நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்தும் ஒரு செய்தி உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து மீனவக் குப்பங்களை அழித்தபின், ஆரோவில்லைச் சேர்ந்த 'உபாசனா' என்னும் அமைப்பு அங்குள்ள பெண்களுக்குத் துண்டுத் துணியால் விரலளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. 'சுனாமிகா' என்று அதற்குப் பெயர். அப்பொம்மைக்கு விலை வைக்கவில்லை; அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். பெற்றவர்கள் மனமுவந்து தந்த நன்கொடையால் அப்பெண்களுக்குக் கூலி வழங்கப்பட்டது. துயரில் ஆழ்ந்திருந்தவர்கள் ஓரிடத்தில் கூடி, கையால் ஒன்றைச் செய்து, ஒருவரோடொருவர் பேசி மனம் தேறினார்கள். கூடித் தைப்பதில் கூலிக்கு அப்பாற்பட்ட நன்மையும் உண்டு என்பதற்கு இது சான்று. ஆயினும், பேரிடர்க் காலத்தில் பிறர் காட்டும் இரக்கம் எக்காலத்துக்கும் வருவதன்று. உங்கள் போர்வையை வாங்குகிறவர் அதன் அழகுக்காகவும் உறுதிக்காகவும் வாங்க வேண்டும். உங்கள் வறுமைக்காக வாங்கலாகாது.

ஆகவே, விற்பனைப் பொருளில் நேர்மை மிகவும் அவசியம். உடுத்திய பழந்துணியில் தைத்ததைப் புதுத்துணியில் தைத்ததாகச் சொல்லி விற்றல் ஆகாது. வீட்டுக்கு வேண்டியதைப் பழந்துணியில் தையுங்கள். கொதிநீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்திய துணி யாருக்கும் தீங்கு செய்யாது. விற்பதற்கு உரியதைத் தொழிற்கூடத்துப் புதுத் துண்டுகளில் தையுங்கள். உள்ளே பழஞ்சேலை வைத்திருந்தால் அதனையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒருமுறை ஏமாந்தவர் இவ்வூர்ப் பெயரையே மறக்கமாட்டார்.

விற்பனைக்கு வழி இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் இன்று மாநிலம் முழுதும் பரவியிருக்கிறது. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களின் பொருள்களை 'மதி' என்னும் பெயரில் விற்பனைக்கு வைக்கிறது. கண்காட்சிகளுக்கும் குழுக்கள் அனுப்பப்படுகின்றன. நூறு போர்வை தைத்துக் குவித்துவிட்டுச் சந்தையைத் தேட வேண்டாம். ஐந்து போர்வைகளை எடுத்துச் சென்று, வாங்குகிறவர் எதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார், எதைக் கீழே வைக்கிறார், என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். தொட்டிற்பிள்ளை விரிப்பு விரைவில் விலைபோகிறதா, பெரிய போர்வை விலைபோகிறதா என்பதை அங்கு நின்றுதான் அறிய முடியும்.

நாளையே செய்யத்தக்கது எது என்று கேட்பீர்களானால் இதைச் சொல்வேன். எட்டுப் பேர் ஒன்று சேருங்கள். ஒரு தகரத்தை ஆறங்குலச் சதுரமாக வெட்டுங்கள். அவரவர் தையற்காரரிடம் சொல்லி வைத்தால் முதல் 48 சதுரங்களுக்கு வேண்டிய துண்டு ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும். முதல் விரிப்பை உங்கள் குழுவில் யார் வீட்டில் அடுத்து குழந்தை பிறக்கவிருக்கிறதோ அவ்வீட்டுக்குக் கொடுங்கள். தையல் எங்கே கோணிற்று, எங்கே பிரிந்தது என்பதை மூன்று சலவைக்குப் பின் பாருங்கள். குறைகளைத் திருத்தி, பத்தாவது விரிப்பைச் சந்தைக்கு எடுத்துச் செல்லுங்கள். அப்போது நோட்டுப் புத்தகமும் கூடவே செல்லட்டும்.

கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்னார்கள் நம் முன்னோர். தூய்மையைப் பற்றிய சொல் அது. அதனோடு அளவையும் கணக்கையும் நீங்கள் சேர்த்துக்கொண்டால், வெயிற்காலத்து நெடும் பகல்களுக்கு இவ்வூரில் ஒரு கூலி பிறக்கும். அந்தக் கூலி எவ்வளவு என்பதை வேறொருவர் வந்து சொல்லக் காத்திராமல், நீங்களே எழுதி வைத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.